பேனை இருக்கட்டும், அப்பாவின் கண்?

கேள்வி: அப்பா ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சரித்திரம் என்றால் உயிர். 70ஆவது பிறந்தநாளுக்கு மான் கொம்பில் கையால் கடைந்த பேனை கொடுக்க ஆசை. ஸ்கொட்லாந்தில் செய்கிறார்கள், லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரர்தானே! நுவரெலியாவில் ஒருவர் மரைக் கொம்பில் மலிவாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (கண்ணில் புரை விழுந்து அப்பா சில மாதமாக எழுதுவதில்லை. அதை அண்ணா பார்த்துக்கொள்வார்.)
– கொழும்பில் வேலை செய்யும் மகள்

பதில்: மகள், பேனைக்கு இவ்வளவு எழுதிவிட்டு அப்பாவின் கண்ணை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருக்கிறீர்கள்.

"அண்ணா பார்த்துக்கொள்வார்." எத்தனை கடிதங்களில் இந்த வரியைப் படித்துவிட்டேன்! அந்த அண்ணா, தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். பெற்றவருக்குக் காசு அனுப்பினால் கடமை தீர்ந்தது என்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. மகன், மகள் என்ற கணக்கும் இதில் கிடையாது. புரை எடுத்து வில்லை வைக்கும் சத்திரசிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. விடியக்காலையில் கிளினிக் வாங்கில் அவரோடு உட்காரவும், பிறகு சில வாரம் நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடவும்தான் ஆள் வேண்டும். லீவு போடுங்கள்.

அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. என்றைக்காவது கேட்டீர்களா? 1867இல் தேயிலை நட்ட டெய்லரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்கள், 1948இல் குடியுரிமை பறிபோனவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள்... எந்த லயத்துக் காம்பராவில் யார் இருந்தார், யார் போனார், யார் மறுத்து நின்றார் என்பது தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் கிடைக்காது. உங்கள் அப்பா போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கண் தெளியும்வரை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

மரைக் கொம்பை மறந்துவிடுங்கள். மரை, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிற விலங்கு. தானாக உதிர்ந்த கொம்பு என்பார் விற்கிறவர். மரை கொம்பை உதிர்ப்பது உண்மைதான். அதற்காக ஹோர்ட்டன் சமவெளியில் கிடந்ததெல்லாம் அவருடைய சொத்தாகிவிடுமா? வாத்தியாரின் சட்டைப் பையில் களவுப் பொருளைச் செருகாதீர்கள்.

ஸ்கொட்லாந்துப் பேனை வேறு. அங்கே செம்மான் வருடந்தோறும் உதிர்க்கிற கொம்பு உண்டு. கொம்பு என்றாலும் அது எலும்புதான். வெளியே கெட்டி, நடுவே பஞ்சு மாதிரித் துளைகள். உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைவதால் கை கனக்கும். விரல் மூட்டு நோகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டு மேசையில் வைத்துவிடுவார்கள். விலங்குப் பொருள் என்பதால் வரவழைக்குமுன் சுங்கத்திலும் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் கண்ணுக்குப் பிறகு.

கிளினிக் திகதி எப்போது என்று அண்ணாவிடம் இன்றைக்கே கேளுங்கள். அவருக்கும் தெரியாதென்றால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். ஹட்டனுக்கு ரயில் ஏறுங்கள்.