பேராசிரியரும் வால்வும்

ஐயா, வணக்கம்.

தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முனைவர் பட்டம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸில், அதாவது இயந்திரங்களைத் தானாகக் கட்டுப்படுத்தும் துறையில். "அதெல்லாம் பழைய சரக்கு, ஏஐ பக்கம் போனால்தான் ரிசர்ச் பேப்பர் வரும், பதவி உயர்வு வரும்" என்கிறார் துறைத்தலைவர். மாணவர்களுக்கோ இது அரியர் விழும் பாடம். துறையை மாற்றிக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் சோர்வு புரிகிறது. ஆனால் கடிதத்தில் பேப்பர் வருகிறது, பதவி உயர்வு வருகிறது, துறைத்தலைவர் வருகிறார். ஒரு பாய்லர்கூட வரவில்லை, ஒரு மோட்டார்கூட வரவில்லை. என் கோபம் அங்கேதான்.

கொஞ்ச நாளாகவே ஸ்வீடன் நாட்டு கண்ட்ரோல் அறிஞர் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம் பற்றி எழுத நினைத்திருந்தேன். அவருடைய புத்தகத்தை நீங்கள் புரட்டியிருப்பீர்கள். ஸ்டாக்ஹோமில் 1960-இல் முனைவர் பட்டம் வாங்கியவர், நேராக ஒரு பல்கலைக்கழகத் துறையில் போய் உட்காரவில்லை. ஐபிஎம்மில் சேர்ந்து, பில்லெருட் காகித ஆலையில் கணினிக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தார். காகிதம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை, நம் ஆலைகளில் ஜிஎஸ்எம் என்போமே, அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடக் கூடாதென்று சராசரியைத் தூக்கி வைப்பார்கள். அவ்வளவும் வீண் கூழ். ஆட்டத்தைக் குறைத்தால் சராசரியை இறக்கலாம், கூழ் மிச்சம். இன்று நீங்கள் கரும்பலகையில் எழுதும் மினிமம் வேரியன்ஸ் கண்ட்ரோல், ஆட்டத்தை முடிந்தவரை குறைக்கும் முறை, இந்தக் கூழ்க் கணக்கில் வளர்ந்ததுதான். 1965-இல்தான் லுண்ட் நகரில் பேராசிரியர் ஆனார். 1973-இல் விட்டன்மார்க்குடன் சேர்ந்து, கண்ட்ரோலர் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் செல்ஃப்-டியூனிங் பற்றிய கட்டுரை. 1984-இல் ஹேக்லுண்டுடன் சேர்ந்து ஆலைகளில் எங்கும் இருக்கும் பிஐடி கண்ட்ரோலரைத் தானே டியூன் செய்யும் வழி: கொஞ்ச நேரம் பிஐடிக்குப் பதில் சுவிட்ச் போன்ற ஒரு ரிலே, லூப் (அளந்து திருத்தும் சுற்று) லேசாக ஆடும், அந்த ஆட்டத்தின் அளவிலும் கால அளவிலும் விடை இருக்கிறது. ஆபரேட்டர் பட்டனை அழுத்தினால் போதும். ஆபரேட்டரை மனதில் வைத்து யோசித்த பேராசிரியர்! 1993-இல் மின் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇயின் உயரிய விருது, மெடல் ஆஃப் ஹானர், கிடைத்தது.

நான் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் இருந்தபோது குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஃப்ளோ லூப் ஓயாமல் ஹன்ட்டிங் ஆனது, அதாவது நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஆடியது. ஆலோசகராக வந்த பேராசிரியர் லேப்டாப்பில் சிமுலேஷன் ஓட்டி, கெயினை, கண்ட்ரோலர் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்ணை, மாற்றச் சொன்னார். மாற்றினோம். மறுபடி மாற்றச் சொன்னார். வால்வு இருந்த இடத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. கடைசியில் எங்கள் டெக்னீஷியன் அண்ணன் லூப்பை மேனுவலில் போடச் சொல்லிவிட்டு வால்வருகே போய் நின்றார். அவுட்புட்டைத் துளித் துளியாக ஏற்றினோம். வால்வின் தண்டு, ஸ்டெம், அசையவில்லை, அசையவில்லை, திடீரென்று குதித்தது. கசிவுக்குப் பயந்து யாரோ ஸ்டெம்மைச் சுற்றியுள்ள கிளாண்டை இறுக்கித் தொலைத்திருக்கிறார்கள். ஸ்பானரால் தளர்த்தி ஒரு திருகு. அந்தப் பேராசிரியரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வால்வு ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸில் பேப்பர் வர வேண்டுமே என்ற கவலையை விடுங்கள். கண்ட்ரோல் துறையின் இன்னொரு பெரியவர், எலக்ட்ரிக்கல் படித்த கால்மன், தன் புகழ்பெற்ற 1960 கட்டுரையை மெக்கானிக்கல்காரர்களின் இதழில்தான் வெளியிட்டார். இதழ் எதுவென்று இன்று எவன் பார்க்கிறான்? ஏஐ படியுங்கள், யார் தடுத்தார்கள். அதற்காகத் துறையை விட்டு ஓட வேண்டுமா என்ன?

கோடை விடுமுறையில் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையோ சிமெண்ட் ஆலையோ பாருங்கள். மேலாளரிடம் போகாதீர்கள், இன்ஸ்ட்ருமெண்ட் ஷாப்பில் மூத்த டெக்னீஷியன் யாரென்று கேளுங்கள். மாணவர்கள் நாலு பேரையும் கூட்டிப் போங்கள், முக்கியமாக அரியர் வைத்தவர்களை. கேட்டில் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.