வாசிக்க எளிதான நிரலா, வேகமான நிரலா?

இரண்டால் பெருக்குவதற்குப் பதில் எண்ணின் பிட்டுகளை (கணினி வைத்திருக்கும் 0, 1 இலக்கங்களை) ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தினால் வேகமா என்று கேட்டிருக்கிறீர்கள். சி மொழியில் பெருக்கல் என்றே எழுதுங்கள்; தேவையானால், நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக்கும் கம்பைலரே அப்படி மாற்றிக்கொள்ளும். மைனஸ் எண்ணை இடப்பக்கம் நகர்த்தினால் என்ன வரும் என்பதற்கு மொழி உத்தரவாதமே தருவதில்லை.

வேகம் வேறு இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 5,000-க்குச் சற்று அதிகமான பேருந்து நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 இலக்க எண். பைத்தானில் அவற்றை லிஸ்டில் வைத்து ஓர் எண்ணைத் தேடினால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். செட் என்ற தொகுப்பில் வைத்தால், எண்ணிலிருந்தே அதன் இடத்தைக் கணிக்கும் ஹாஷ் கணக்குப்படி நேராக உரிய இடத்தைப் பார்க்கும். மாறுவது ஒரே வரி, வாசிப்பும் கெடாது. இதைத் தயங்காமல் செய்யுங்கள்.

அப்புறமும் மெதுவாக ஓடினால், நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை வைத்துப் பாருங்கள். அது காட்டும் ஃபங்ஷனில் மட்டும் சிக்கலான உத்தி சரி. காரணத்தைக் கமெண்டில் எழுதிவிடுங்கள்.