வயலின் கீச்சுன்னு கத்துதே!

கேள்வி: ஏழு வயசு பையனுக்கு வாரம் ஒரு நாள் வயலின் சொல்லித்தர்றேன். வீட்ல வாசிக்கவே மாட்டேங்கிறான், கை வலிக்குதாம். வாசிச்சா கீச்சுங்குது. அவங்கம்மா தினம் ஒரு மணி நேரம் உட்கார வைக்கட்டுமாங்கிறாங்க.

பதில்: ஒரு மணி நேரமா, வேணாங்க, வயலினையே வெறுத்துடுவான்! காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் போதும்.

ஆனா மொதல்ல சைஸ பாருங்க. வயலின தோள்ல வச்சு இடது கைய நேரா நீட்டச் சொல்லுங்க, வயலின் நுனில இருக்கிற அந்த சுருள் தலைப்ப விரல் வளைச்சுப் பிடிக்க முடியணும், எட்டலன்னா அது பெரிய சைஸ்தான் (வளர்ற பிள்ளைதானேன்னு சட்டை மாதிரி வாங்கியிருப்பாங்க). இந்த வயசுக்கு பெரும்பாலும் 1/4 அல்லது 1/2 சைஸ் (பிள்ளைங்களுக்கான சின்ன வயலின்) தான் சரியா வரும், கை வலி பாதி அதுலயே போயிடும்.

கீச்சு சத்தத்துக்கு வில்லு கோணலா போறதுதான் முக்கால்வாசி காரணம். பிரிட்ஜுக்கும் (தந்திய தாங்கி நிக்கிற சின்ன மரத்துண்டு) விரல் வச்சு அழுத்துற பலகைக்கும் நடுவுல, பிரிட்ஜுக்கு இணையா போகணும், கண்ணாடி முன்னாடி நிக்க வச்சா அவனே பாத்து திருத்திக்குவான். வில்ல பிடிக்கிற கை கட்டைவிரல் விறைப்பா நிக்குதான்னும் பாருங்க, நின்னா ரெண்டு நாள் வில்ல வாங்கி வச்சுட்டு பென்சில்ல பிடிக்கப் பழக்குங்க.