மசாஜ் அறைக்குள் கேமரா வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

கேள்வி: பதினோரு வருடம் கேரளத்து ரிசார்ட்டுகளில் எண்ணெய் மசாஜ் செய்யும் வேலை பார்த்தவள் நான். இப்போது தென் மாவட்டத்தில், மாநகராட்சி எல்லைக்குள், ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக மசாஜ் நிலையம் நடத்துகிறேன். என்னோடு இரண்டு பெண்களும் ஒரு பையனும் இருக்கிறார்கள். வருகிறவர்கள் உடம்பு அலுப்புக்கும் ஆசுவாசத்துக்கும் வருகிறவர்கள்தான். போன மாதம் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து, "நாலு ரூமுக்குள்ளும் கேமரா வைக்கணும், கோர்ட் ஆர்டர் இருக்கு, இல்லேன்னா மூடிடுவோம்" என்றார்கள். அப்புறம் ஒருநாள் இரவு எட்டரை மணிக்குப் போன் போட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மாதாமாதம் 'பார்த்துக்கொண்டால்' பிரச்சினை வராது என்று ஒருவர் சொல்லிவிட்டும் போனார். வீட்டு உரிமையாளர் பயந்துபோய்க் காலி செய்யச் சொல்கிறார், இரண்டு நாள் மோட்டாரே போடவில்லை. வாடகை ஒப்பந்தத்திலும் மாநகராட்சி உரிமத்திலும் 'பியூட்டி பார்லர்' என்றுதான் இருக்கிறது. ஆறு கேமராவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மாட்டலாமா, வேண்டாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: அறைக்குள் மாட்டாதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம், முதலில் இது மனதில் நிற்கட்டும்.

அவர்கள் சொன்ன கோர்ட் ஆர்டர் பொய்யில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், ஸ்பா, மசாஜ் நிலையங்களில் கேமரா இருப்பதைக் காவல்துறை உறுதிசெய்ய வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். ஆனால் அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் நேர் எதிராகச் சொன்னார். திருச்சியில் ஸ்பா நடத்தும் ஒருவர் தொடுத்த வழக்கு அது. மசாஜ் அறைக்குள் கேமரா வைப்பது ஒரு மனிதரின் உடல்மீதான உரிமையிலும் அந்தரங்கத்திலும் தலையிடுவது, ஒழுக்கக்கேடு நடக்கிறது என்ற வெறும் சந்தேகத்தை வைத்து ஒருவர் ஓய்வெடுக்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள் இல்லையா, அதைத்தான் அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். ஆக, இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாள் இருந்தால் உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. இரண்டுமே தனி நீதிபதி உத்தரவுகள், ஒன்று இன்னொன்றுக்கு மேலானது இல்லை. உங்கள் ஊர் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது, இரண்டாவது உத்தரவு அங்கேயே பிறந்தது. அதன் நகல் ஒன்றை எடுத்து பில் போடும் மேசையின் டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்தக் கேமராவில் என்ன பதிவாகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். துண்டோடு குப்புறப் படுத்திருக்கும் ஒரு பெண், அல்லது உள்ளாடையோடு ஒரு ஆண். தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் இருக்கும் பெண்ணை அந்த நிலையில் பார்ப்பதோ படமெடுப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77-வது பிரிவில் குற்றம், முதல் முறையே ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை. ஆணாக இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இருக்கிறது, சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் பகுதியைப் படமெடுத்தால் மூன்று வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். உள்ளாடை போட்டிருந்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும். நாளைக்கு உங்கள் பதிவுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வீடியோ வெளியே போனால் (கேமரா மாட்டுகிறவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்?) அன்றைக்குக் கேமரா வைக்கச் சொன்ன ஏட்டையா கூண்டில் வந்து நிற்கமாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள்.

சரி, உங்கள் பக்கத்து ஓட்டைக்கு வருகிறேன். கேமராவை விட எனக்குக் கவலையாக இருப்பது அந்த 'பியூட்டி பார்லர்' என்ற இரண்டு வார்த்தைதான். மசாஜ் செய்வது குற்றமில்லை, பணம் வாங்கிக்கொண்டு செய்வதும் குற்றமில்லை, அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை உங்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் உரிமத்தில் ஒன்று, உள்ளே ஒன்று என்று இருந்தால் நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எல்லாரும் இப்படி வாங்குவதால்தான் எல்லாரும் மாதாமாதம் யாரையாவது 'பார்த்துக்கொண்டு' இருக்கிறார்கள். நாளைக்கே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், மசாஜ் நிலையம் என்று பெயர் சொல்லியே உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறைகள் எத்தனை, யார் யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் பயிற்சி பெற்ற சான்றிதழ், கேரளத்தில் நீங்கள் வேலை பார்த்ததற்கான கடிதங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். காவல்துறையின் தடையில்லாச் சான்று கேட்டால் அதற்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தாலும் பதிலே சொல்லாமல் கிடப்பில் போட்டாலும் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். உரிமமே கேட்காதவருக்கு அந்தப் பிடி கிடையாது.

கடிதத்தோடு அனுப்பிய போட்டோவையும் பார்த்தேன். போர்டில் 'மூட்டுவாதம், பக்கவாதம், சர்க்கரைக்குச் சிறந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அழித்துவிடுங்கள் அம்மா. 1954-ம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் இந்த மூன்று நோயும் இருக்கின்றன. எந்த வைத்தியமும் இல்லை, ஆசுவாசத்துக்குத்தான் வருகிறார்கள் என்று நாம் வாதாடும்போது அந்த போர்டு நமக்கே எதிராகச் சாட்சி சொல்லும். 'எண்ணெய் மசாஜ், கால் மசாஜ்' என்று மட்டும் இருந்தால் போதும்.

இனி சோதனை. மசாஜ் நிலையத்தின்மேல் வழக்குப் போட்டால் பெரும்பாலும் 1956-ம் வருடத்து ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில்தான் போடுவார்கள். அந்த இடத்தில் பாலியல் தொழில் நடந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும். பெண் ஆணுக்கு மசாஜ் செய்தார் என்பது மட்டும் அந்தக் குற்றம் ஆகாது. ஆனாலும் உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு அந்தப் பையன் என்று வைத்துக்கொள்வேன். வருமானம் கொஞ்சம் குறையும், தூக்கம் வரும். வாரண்ட் இல்லாமல் சோதனை போட அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் சும்மா கொடுக்கவில்லை. சிறப்புக் காவல் அதிகாரி இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், வாரண்ட் வாங்க நேரமில்லாத காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், கௌரவமான இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டும், அதில் ஒருவராவது பெண், கூடவே குறைந்தது இரண்டு பெண் போலீஸ். யாராவது கதவைத் தட்டினால் சண்டை போடாதீர்கள், தடுக்காதீர்கள், இந்த நாலையும் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று குறைந்ததற்காகவே வழக்கு தானாக விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆனால் குறுக்கு விசாரணையில் இது நமக்குக் கை கொடுக்கும்.

இரவு எட்டரை மணி போன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசாரணைக்குச் சாட்சியாக அழைப்பதென்றால் எழுத்தில் அழைக்க வேண்டும், அதிலும் ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்ல முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179. கைது என்றால்கூட சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். மறுபடி போன் வந்தால் "நோட்டீஸ் அனுப்புங்க சார், வக்கீலோட பதில் சொல்றேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்த அழைப்பு வந்த நேரத்தை போட்டோ பிடித்து வையுங்கள். ஆனால் எழுத்தில் நோட்டீஸ் வந்துவிட்டால் அலட்சியம் செய்யாதீர்கள், அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.

அந்த 'மாதாமாதம்' விஷயம். கொடுக்காதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், கடையைத் திறந்து வைத்திருப்பவர் நீங்கள், தெரியும். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் மட்டுமே தப்பிக்கலாம். ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, கொடுத்திருந்தால் நாளை எண்ணிப் பாருங்கள். மறுபடி கேட்டால், கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் போய்விடுவதுதான் வழி.

வீட்டு உரிமையாளர்மேல் கோபப்படாதீர்கள், அவர் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. சோதனை நடந்து, அந்த இடத்தில் பாலியல் தொழில் நடந்தது என்று அந்தப் பகுதியில் விற்கும் செய்தித்தாளில் வந்துவிட்டால், உரிமையாளருக்கு அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அதற்காக மோட்டாரை நிறுத்துவது முறையில்லை. 2017-ம் வருடத்து வாடகைச் சட்டப்படி அத்தியாவசிய வசதியைத் துண்டிக்கக்கூடாது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் திரும்பக் கொடுக்கச் சொல்வார். காலி செய்ய வைப்பதென்றாலும் அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன தொழிலை விட்டு வேறு தொழில் செய்கிறார் என்று அவர் அங்கே சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அதனால் நோட்டீஸ் விடுவதற்கு முன் அவரை நேரில் கூட்டிக்கொண்டு வந்து அறைகளைக் காட்டுங்கள். உரிம விண்ணப்பத்தின் நகலைக் கையில் கொடுத்து, மசாஜ் நிலையம் என்று எழுதிய புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவக் கணக்கு, வாடகையில் ஐந்நூறு ஆயிரம் கூட்டிக் கேட்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "ஸ்பெஷல் உண்டா" என்று கேட்கும் வாடிக்கையாளரை உங்கள் பெண்கள் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். வேண்டாம் என்ற பிறகும் வற்புறுத்தினால் அது பாலியல் தொந்தரவு, நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவில் மூன்று வருடம் வரை இருக்கிறது. பில் மேசையில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள், அந்த ஆளை அப்படியே வெளியே அனுப்பிவிட்டு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்குச் சோதனை வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள். முதல் வேலையாகக் காவல்துறை மேலதிகாரிக்கு ஒரு மனு: நான் நடத்துவது இன்ன தொழில், உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்ன தேதியில் வந்து அறைக்குள் கேமரா வைக்கச் சொன்னார்கள், மதுரைக் கிளைத் தீர்ப்பு இதோ. ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் ரிட் போடலாம். சட்டப்படி சோதனை போடவே கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது, காரணமில்லாமல் தொழிலில் தலையிடாதே என்று சொல்லும், நமக்கு அது போதும்.

ஆறு கேமரா என்றீர்கள். ஒன்று மாடிப்படி வாசலில், ஒன்று பில் மேசைக்கு மேல், ஒன்று அறைக் கதவுகள் தெரியும்படி நடையில், ஆனால் கதவு திறந்தால் உள்ளே தெரியாத கோணத்தில். மூன்று போதும். மீதி மூன்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், கொடுத்த முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே வரும் வழியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்து, போட்டோவில் நாலு கதவிலும் உள்பக்கம் தெரிகிறதே அந்தத் தாழ்ப்பாள், அதைக் கழற்றிவிட்டு வெளியே 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று ஓர் அட்டை தொங்கவிடுங்கள்.