வன்னியில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் ஓவியமும் எழுத்து வடிவமைப்பும் எதிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் புதிதாகப் படிப்பிக்கப் போகிறாராம். பாதிப் பிள்ளைகளிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, கையில் கிடைத்த பாடக்குறிப்பு முழுக்க ஆங்கில எழுத்தை வைத்து எழுதியது, ஓவியத்தை முதலில் எடுப்பதா எழுத்தை முதலில் எடுப்பதா என்று கேட்டிருக்கிறார். நானும் வன்னியில்தான் இதைப் படிப்பிக்கிறேன். என் பதில், இரண்டையும் பிரிக்காதீர்கள். எழுத்துருவைத் தெரிவு செய்ய விடுவதற்கு முதல் பிள்ளைகளை எழுத்தை வரைய விடுங்கள். மிச்சம் எல்லாம் அதிலிருந்து வரும்.

எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்குக் கை நன்றாக ஓடும். கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும், முகம், மயில், அம்மன் என்று நிறைந்திருக்கும். அதே பிள்ளையிடம் ஒரு நோட்டீஸ் செய்யச் சொன்னால் படத்தை வடிவாக வரைந்துவிட்டு, தலைப்பை மட்டும் கிடைத்த எழுத்துருவில் தட்டி, இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கி, சுற்றிவர மஞ்சள் கோடு போட்டு, கீழே நிழலும் விழுத்தி வைத்திருக்கும். அக்கறை இல்லாமல் அப்படிச் செய்வதில்லை. எழுத்து என்பது தட்டினால் வருகிற ஒன்று, அதற்கும் ஒரு உருவம் இருக்கிறது, அதையும் தான் வரையலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டவில்லை.

அதனால் தொடக்கத்தில் கணினியைத் திறக்கவே வேண்டாம், ஒரு ஏ4 தாளில் 'அ' ஒன்றை மட்டும் பெரிதாகப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். அதைப் போனில் படம் பிடித்து, பிறகு இங்க்ஸ்கேப்பில் (இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும்) போட்டு, புள்ளி வைத்து வளைகோடு இழுக்கிற பென் டூலால் சுற்றி எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை வளைவு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள், கோடு நடுங்கும். வளைவின் உச்சி, அடி, இடக்கரை, வலக்கரை என்று வளைவு திரும்புகிற இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து நீண்டு வளைவைத் திருப்புகிற கைப்பிடிகளைக் கிடையாகவோ நேர்குத்தாகவோ இழுக்கச் சொன்னால் அதே 'அ' நிமிர்ந்துவிடும். பென் டூலைப் படிப்பிக்க இதைவிடத் திறமான பயிற்சி எனக்குத் தெரியாது. இதில் பழகின கை பிறகு மாட்டின் கொம்பையும் பனை ஓலையையும் வெக்டரில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம்) எடுக்கத் திணறாது.

அடுத்தது 'ண', 'ன'. 'ன'வில் இரண்டு சுழி, 'ண'வில் மூன்று. தடித்த வகை இல்லாத எழுத்துருவை மென்பொருளே தடிப்பாக்கிவிட்டால், அல்லது வெளிக்கோட்டை வாரி ஊற்றினால், சுழிகளுக்குள் இருக்கிற வெள்ளை அடைபட்டுப் போகும். ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு அந்தப் பனரில் 'ண'வும் 'ன'வும் ஒன்றுதான். 'இ', 'ஞ' இரண்டும் இதைவிடப் பாவம். பிள்ளைகளைப் பரந்தன் சந்திக்கோ கரடிப்போக்குக்கோ கூட்டிக்கொண்டு போய், வீதியின் மற்றக் கரையில் நின்று பனர்களை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் கண் தடக்குகிறது என்று அவர்களே குறித்துக்கொண்டு வருவார்கள். நோட்டோ சான்ஸ் தமிழில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 தடிப்பு இருக்கிறது, முக்த மலரிலும் தடிப்புகள் தனித்தனியாக வரைந்தே வருகின்றன, இரண்டும் இலவசம். சுழிகளை நசுக்காமல் எப்படித் தடிப்பாக்குவது என்பதை அந்த எழுத்துருக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

முடிந்தால் பெயிண்டால் போர்ட் எழுதிய பழைய ஆள் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். நாங்கள் கூப்பிட்ட ஐயா முதலில் சோக்குப் பூசிய நூலைச் சுண்டி மேல்கோடும் கீழ்கோடும் அடித்தார். பிறகு, எழுத்துகளை எண்ணாமல் அகலத்தைப் பார்த்தார். 'ணௌ' எவ்வளவு இடம் பிடிக்கும், 'ர்' எவ்வளவு விடும் என்று மனதுக்குள்ளேயே கூட்டி, நடு எங்கே வரும் என்று ஒரு புள்ளி வைத்தார். 'கி'யின் கொக்கி மேல்கோட்டைத் தாண்டும், 'கு'வின் வால் கீழ்கோட்டைத் தாண்டும், அதற்கென்று இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் கோடே அடித்திருந்தார். ஆங்கிலத்துக்கு எழுதிய வரி இடைவெளி ஏன் தமிழுக்குப் போதாது என்று நான் படம் போட்டு விளக்கியதெல்லாம் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளியில் தொடங்கி, கண்ணால் பார்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழைய எழுத்து மாதிரிக்கு வீதியில் தேடிப் பெரிதாகக் கிடைக்காது. 2009க்குப் பிறகு திரும்பி வந்து கட்டிய கடைகள்தான் கூடுதலாக இருக்கின்றன, வந்த நேரமே அச்சடித்த பிளெக்ஸ் பனர் காலமாகவும் போய்விட்டது. அந்த இடைவெளியை நூலகம் தளம் நிரப்பும். 2005இல் தொடங்கிய இணைய நூலகம், ஈழத்துச் சஞ்சிகைகளின் அட்டைகளை அப்படியே ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். கையால் வரைந்த தலைப்புகள், படத்தோடு பின்னிக்கொண்டு நிற்கிற எழுத்துகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய அச்சில் 'ணை', 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்த மாதிரி வருவதைக் கண்டு பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு மாறிய வடிவம் அது என்று சொல்லி, அதையும் ஒருமுறை வரையக் கொடுங்கள். நன்றாக அனுபவித்து வரைவார்கள்.

மென்பொருளில் ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய போட்டோஷொப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைப் போடாமல் யுனிகோடில் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும், 'கொ' உடைந்து கிடக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸுக்குள் டைப் பகுதியில் இண்டிக் தெரிவுகளைக் காட்டு என்பதை அழுத்த வேண்டும், பழைய போட்டோஷொப்பில் அதே மாதிரி டைப் பகுதியில் வேர்ல்ட் ரெடி என்கிற அமைப்பு. இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் கனபேர் யுனிகோட் சரிவராது என்று பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கே திரும்பிப் போகிறார்கள். பாமினி கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அச்சகங்களில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது தெரிந்தேயாக வேண்டும். ஆனால் பாமினியில் தட்டியது உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. தேட முடியாது, எழுத்துரு மாறினால் வாசிக்கவும் முடியாது. அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் எழுத்தை, எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக மாற்றிக் கொடுக்கப் பழக்குங்கள், திருத்தக்கூடிய பிரதியொன்றைத் தனியாக வைத்துக்கொண்டு.

ஓவியத்துக்கு வருவோம். போன் மட்டும் இருக்கிற பிள்ளை இபிஸ் பெயின்ட் என்கிற செயலியில் விரலால் வரையட்டும், குறை ஒன்றும் இல்லை. லப்டொப் இருந்தால் கிரிட்டா என்கிற ஓவிய மென்பொருள். முதலில் வண்ணம் கொடுக்காதீர்கள். இருட்டு, இடைநிலை, வெளிச்சம் என்று மூன்று சாயலில் மட்டும் ஒரு படம், அதுவும் தாங்கள் நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் மாதிரி தேட விட்டால் ஊசியிலை மரமும் பனியும் வந்து நிற்கும். காலையில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் மூன்று சாயலும் கண்முன்னாலேயே இருக்கின்றன, தண்ணீர் வெளிச்சம், கட்டு இடைநிலை, மரங்கள் இருட்டு. படம் முடிந்ததும் அதே பிரஷ்ஷால், புது லேயரில், அந்த இடத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். படமும் எழுத்தும் ஒரே கையில் வந்ததால் சண்டை பிடிக்காமல் நிற்கும். என் வகுப்பில் ஒரு பிள்ளை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் செய்த நோட்டீஸ் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே கடல்நீரில் விளக்கு எரியும், தெரியும்தானே? அந்தச் சுடரின் வளைவையே எடுத்து 'வ'வின் சுழியாக்கியிருந்தாள். எழுத்துருப் பட்டியலில் தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது.

மும்மொழிப் பெயர்ப்பலகை ஒன்றும் கட்டாயம் செய்ய வையுங்கள், வேலையென்று போனால் இதுதான் அடிக்கடி வரும். ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் மூன்று எழுத்தும் ஒரே அளவாகத் தெரியாது, தமிழ் நீளமாகவும் ஓடும். அப்போது தமிழை நசுக்கினால் நேர்குத்துக் கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் தடித்தபடி நிற்கும், பார்க்கவே வயிறு பற்றும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கொஞ்சம் இறக்கலாம், தமிழை இரண்டு வரியாக்கலாம், பலகையின் அமைப்பையே மாற்றலாம். நசுக்குவதற்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காதீர்கள், இதில் நான் இளகுவதே இல்லை.

கடைசியாக, எதையும் திரையில் மட்டும் பார்த்துத் திருத்தாதீர்கள். ஏ4 என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல், அந்த அளவில் தொடங்கப் பழக்கி, ஒரு பிரதியாவது அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். கறுப்பு வெள்ளை அச்சு என்றாலும் போதும். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்கட்டும், தடக்கிற எழுத்தை வரைந்தவர் திரும்ப வரையட்டும்.