டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்களும் அடுத்த பருவத்தின் வலுவான அணிகளும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நான் ஆதரிக்கும் அணி இந்த ஆண்டு கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்தது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் மூவர், படிப்பு முடியும் முன்பே, தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கென இப்போதே வெளியாகும் முதல் 25 அணிகளின் பட்டியல்களில் எங்கள் அணி இல்லை. அவற்றை நம்பலாமா? நானே கணிப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெயர் கொடுத்தவர் எல்லோரும் போய்விட்டதாக முதலில் எண்ணிக்கொள்ள வேண்டாம். தேர்வு முகாமில் தங்களைக் காட்டி, என்.பி.ஏ. அணிகள் என்ன நினைக்கின்றன என்று கேட்டறிந்து, மே மாத இறுதியில் வரும் கெடு நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் கல்லூரியில் தொடர்ந்து ஆடலாம். 2008இல் வட கரோலினா அணியின் டை லாசன், வெய்ன் எலிங்டன், டேனி கிரீன் மூவரும் பெயர் கொடுத்துப் பின் திரும்பி வந்தார்கள். 2009இல் அந்த அணி சாம்பியன் ஆனது. 2023இல் பர்டூவின் ஸாக் ஈடி அப்படித் திரும்பியதால்தான் 2024 இறுதிப் போட்டி வரை அந்த அணியால் செல்ல முடிந்தது. ஆகவே ஏப்ரல் மாதப் பட்டியல்களில் பெரும்பகுதி ஊகமே.

கெடு நாள் கழிந்த பிறகு, எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட, களத்தில் நெடுநேரம் ஆடிப் பழகியவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை விளக்க 2012ஆம் ஆண்டின் கென்டக்கியையும் லூயிவில்லையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இவ்விரு அணிகளும் அவ்வாண்டு அரையிறுதியில் மோதின. 69-61 என்று வென்ற கென்டக்கி, இறுதியில் கன்சாஸையும் வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. பிறகு ஆன்டனி டேவிஸ் முதல் இடத்திலும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் இரண்டாம் இடத்திலும் தேர்வாக, அணியில் அதிகப் புள்ளி எடுத்த அறுவரும் ஒரே டிராஃப்டில் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர் மட்டுமே படிப்பின் இறுதியாண்டில் இருந்தவர். அடுத்து வந்த முதலாண்டு மாணவர்களும் நாடெங்கும் பேசப்பட்டவர்களே என்பதால், பருவம் தொடங்கும் முன் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் பட்டியலில் அந்த அணிக்கு மூன்றாம் இடம் கொடுத்தது. ஆனால் ஆட்டத்தை நிதானப்படுத்தத் தெரிந்த மூத்தவர்கள் இல்லை; பிப்ரவரியில், கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரரான சென்டர் நெர்லென்ஸ் நோயலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தபோது தாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. நடப்புச் சாம்பியனுக்கு, தேசியப் பட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ. தொடரில் இடமே கிடைக்காமல், இரண்டாம் நிலைத் தொடரின் முதல் ஆட்டத்தில் ராபர்ட் மாரிஸிடம் 59-57 என்று தோற்றது.

அரையிறுதியில் தோற்ற லூயிவில்லோ, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு பெய்டன் சிவா, ரஸ் ஸ்மித், சென்டர் கோர்கி ஜெங் ஆகியோரைத் தக்கவைத்துக்கொண்டது. ஜார்ஜ் மேசனிலிருந்து மாறி வந்த லூக் ஹான்காக்கும் சேர, 2013 இறுதிப் போட்டியில் மிச்சிகனை 82-76 என்று வென்றது. (களத்துக்கு வெளியே நடந்த விதிமீறல்களுக்காக அந்தப் பட்டம் பின்னாளில் பறிக்கப்பட்டது, நாம் இங்கே பேசுவது ஆட்டத்தைப் பற்றி.)

இதனால் புதியவர்களை நம்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023இல் பட்டம் வென்ற கனெக்டிகட், அடாமா சனோகோ, ஜோர்டன் ஹாக்கின்ஸ், ஆன்ட்ரே ஜாக்சன் என்ற மூவரை, ஏறக்குறைய உங்கள் அணியைப் போலவே, இழந்தது. ஆனால் ட்ரிஸ்டன் நியூட்டனும் அலெக்ஸ் கராபனும் தங்கினார்கள். சனோகோவுக்கு மாற்றாக ஆடிவந்த டொனோவன் கிளிங்கன் முதல் ஐவருக்குள் வந்தார். ரட்கர்ஸிலிருந்து கேம் ஸ்பென்சரும் முதலாண்டு மாணவராக ஸ்டெஃபன் காஸ்டலும் அந்த அடித்தளத்தின் மேல் வந்து சேர்ந்தார்கள். 2024இலும் பட்டம் அவர்களுக்கே.

விலகல் எப்போது உறுதியாகிறது என்பதும் இன்று முக்கியம். 2006 டிராஃப்ட் முதல் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குச் செல்ல முடியாது. ஆகவே சில இளைஞர்கள் ஓராண்டு மட்டுமே இருப்பார்கள் என்பது பயிற்சியாளருக்கு முன்பே தெரியும், அதற்கேற்ப ஆள் சேர்த்திருப்பார். ஓராண்டு காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடும் உரிமை 2021இல் வந்த பிறகு, ஏப்ரலில் தெரியும் இழப்பை, கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மூலம் ஓரளவு ஈடுசெய்யலாம். டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாவாரா என்ற விளிம்பில் நிற்கும் ஒருவர் மே கடைசி வரை முடிவு சொல்லாமல் இருந்துவிட்டுப் போவதுதான் அணிக்குப் பெரிய அடி. அதற்குள் போர்ட்டலில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வேறிடம் சேர்ந்திருப்பார்கள். ஆனால் விளம்பர வருவாயும் கல்லூரி நேரடியாகத் தரும் பணமும் வந்தபின், இத்தகையோர் தங்கிவிடுவது கூடியிருக்கிறது: 2021இல் 350ஐத் தாண்டிய முன்கூட்டிப் பெயர் கொடுப்போர் எண்ணிக்கை, 2025இல் ஏறத்தாழ நூறாகக் குறைந்தது.

எனவே உங்கள் அணியின் மூவரில் யார் உறுதியாக முதல் சுற்றில் தேர்வாவார் என்று பிரித்துப் பாருங்கள். தங்கும் இருவரில் ஒருவர் பாயின்ட் கார்டாக இருந்து, விலகும் சென்டருக்கு மாற்றாக ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடிய ஒருவரும் இருந்தால், அந்த அணியை முதல் 25க்குள் வைக்க நான் தயங்கமாட்டேன். பந்தைக் கொண்டுசெல்பவரே போய்விட்டு, அந்த இடத்துக்கு வருபவர் முதலாண்டு மாணவராக இருந்தால், பட்டியல் எந்த இடம் கொடுத்தாலும் டிசம்பர் வரையிலான ஆட்டங்களைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.