குன்னூரிலிருந்து டொராண்டோ வந்த தம்பிக்கு: என்சிஐடிக்யூ தேர்வு பற்றி

வணக்கம் தம்பி. கோவையில் இன்டீரியர் டிசைன் பட்டம் முடித்து, குன்னூரிலும் கோத்தகிரியிலும் ரிசார்ட், ஹோம்ஸ்டே வேலைகள் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வட அமெரிக்காவில் இன்டீரியர் டிசைனர்களுக்கான தகுதித் தேர்வான என்சிஐடிக்யூ எழுதியே ஆக வேண்டுமா, ஊரில் பார்த்த வேலை கணக்கில் வருமா, எங்கே தொடங்கிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் கோத்தகிரிக்காரிதான். வந்து வருடங்கள் ஆகிவிட்டன, தேர்வும் முடித்துவிட்டேன்.

எழுதுங்கள். தேர்வு இல்லாமலும் ஆபீஸில் வரைபட வேலை கிடைக்கும். ஆனால் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘இன்டீரியர் டிசைனர்’ என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள, இங்குள்ள இன்டீரியர் டிசைனர்களின் சங்கமான அரிடோவில் பதிவு வேண்டும், அந்தப் பதிவுக்கு இந்தத் தேர்வு வேண்டும்.

நான் எழுதியபோது மூன்று தாள்கள். அடிப்படைத் தாள் 3 மணி நேரம், 125 கேள்வி. தொழில்முறைத் தாள் 4 மணி நேரம், 175 கேள்வி. மூன்றாவது பிராக்டிகம், கட்டடத்தின் பிளானையும் விவரங்களையும் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். 200 முதல் 800 வரை மதிப்பெண், 500 எடுத்தால் தேர்ச்சி. விண்ணப்பிக்கும் முன் இன்றைய அமைப்பைத் தேர்வுக் குழுவின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து வருபவர்கள் நிறம், மரம், துணி என்று ரசனைப் பக்கமே தயாராகிறார்கள். இந்தத் தேர்வு முதலில் பார்ப்பது உயிர்ப் பாதுகாப்பு. பாஸ்டனில் கோகனட் குரோவ் இரவு விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் இருந்தது ஒரே ஒரு சுழல்கதவு. முண்டியடித்த கூட்டத்தில் அது சிக்கி நின்றுவிட்டது. மற்ற கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கம் திறப்பவை. அலங்காரத்துக்குக் கட்டிய துணிகளில் தீ பரவியது. சுழல்கதவுக்குப் பக்கத்தில் சாதாரணக் கதவு ஏன், கூட்டம் கூடும் அறையின் கதவு ஏன் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் இதைப் படித்தால் மனப்பாடம் செய்யாமலே நிற்கும். விதியைக் காரணத்தோடு படியுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

புதுப் புத்தகம் வாங்கும் முன், ஊரில் நீங்களே வரைந்த ஒரு ஹோம்ஸ்டே பிளானை எடுத்து வையுங்கள். பாத்ரூம் கதவு இரண்டரை அடி போட்டிருப்பீர்கள், அதாவது 30 அங்குலம். நிலையும் கதவின் கனமும் போனால் வீல்சேர் நுழையாது. அமெரிக்க விதி கேட்பது 32 அங்குலத் தெளிவான வழி. கதவை 90 டிகிரி திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலையின் தடுப்பு வரை அளக்க வேண்டும். அதனால்தான் இங்கே 36 அங்குலக் கதவு போடுகிறோம். உள்ளே வீல்சேர் திரும்ப 60 அங்குல வட்டம் வேண்டும். உங்கள் பிளானில் அந்த வட்டத்தை வரைந்து பாருங்கள், வாஷ் பேசின் எங்கே நகர வேண்டும் என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

அப்படியே வராண்டாவுக்கு வாருங்கள். சில்வர் ஓக் பலகை அடித்திருக்கிறீர்கள் என்றால், பொருளின் மேல் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் குறியீட்டில் அது எந்த வகுப்பு? எண் குறைந்தால் தீ மெதுவாகப் பரவும்: 0–25 ஏ, 26–75 பி, 76–200 சி. வெளியேறும் வழியில் எந்த வகுப்பு செல்லும் என்று தேடுங்கள். ஒரே பிளானில் பாதிப் பாடம் முடியும்.

இன்னொன்று. ஆபீஸில் தினமும் ஒன்டாரியோ கட்டட விதியை மில்லிமீட்டரில் பார்ப்பீர்கள். தேர்வின் அடித்தளம் அமெரிக்கப் பக்கத்துக் கட்டட விதித் தொகுப்பான ஐபிசி. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவம்: பட்டதாரிக்கு 3,520 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முழுநேர வேலையில் ஏறத்தாழ இரண்டு வருடம். யார் மேற்பார்வையில் செய்தீர்கள் என்பது முக்கியம், தகுதி பெற்ற டிசைனரோ லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்டோ என்றால் நல்லது. ஊர் மணிகள் எவ்வளவு ஏறும் என்று விண்ணப்பத்துக்கு முன்பே தேர்வுக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அந்த வேலையை உறுதிசெய்து தரும்படி உங்கள் பழைய மேலாளரிடமும் இந்த வாரமே பேசிவிடுங்கள். ஏப்ரல், மே வந்துவிட்டால் ஊட்டி சீசன். ரிசார்ட் வேலைக்கு நடுவில் அவர் மெயில் பார்க்க மாட்டார், உங்களுக்கோ ஏப்ரலில் ஒரு தேர்வுச் சுற்று.